கனதா என்றால் கந்தன்

தவரத்தினத்துக்கு ஞானம் பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் கண் சொருகிக் கிடந்தபோது. எதிரே மகள் சாம்பவி தொலைக்காட்சியில் யப்பான்காரரின் கார்ட்டூன் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பெருத்து, தலைமயிர் முள்ளுமுள்ளாக நின்ற ஒரு பொடியன் பனிமலை உச்சியில் நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

‘சொன்னா!’

தவரத்தினம் துள்ளி எழும்பினார்.

“கோசலை! கேட்டனீரோ? இவன் ‘சொன்னா’ எண்டு கத்துறான்!”

“எனக்கு மீன் பொரியிற சத்தம்தான் கேக்குது,” என்றாள் மனைவி குசினிக்குள் இருந்து. “ஆர் என்ன சொன்னவை?”

“யப்பான்காரனப்பா! யப்பான்காரன் தமிழ் கதைக்கிறான்!”

சாம்பவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நம்போர்த் குவா,” என்றாள். வாய்க்கு வந்ததை உளறாதே என்பதைப் பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் தவரத்தினத்துக்குக் கோபம் வரவில்லை, உச்சி குளிர்ந்தது. பல மாதங்களில் மகள் அவரிடம் பேசிய ஆக நீளமான வசனம் அதுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் தவரத்தினத்துக்கு ஓர் அச்சகம் இருந்தது. கலியாண அழைப்பு, சாமத்தியவீட்டு அல்பம், செத்தவர் நினைவாக அடிக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டு என்று மனிதப் பிறவியின் சகல கட்டங்களும் அவருடைய இயந்திரத்தினூடாக ஒருமுறை போய் வந்தாக வேண்டும். தமிழ்ப் பாடசாலைக் கூட்டங்களிலும் அவர்தான் முன்வரிசை. “வீட்டிலை பிள்ளையளோடை தமிழிலை கதையுங்கோ” என்று ஒலிவாங்கி அதிர முழங்குவார். போன இலையுதிர்காலத்தில் சாம்பவிக்குக் கணக்கில் புள்ளி கொஞ்சம் சறுக்கியது. இந்தப் பேய்ப் புத்தகங்கள்தான் காரணம் என்று தீர்மானித்து, அவள் ஆசை ஆசையாகச் சேர்த்து அடுக்கி வைத்திருந்த இதே தொடரின் சித்திரக்கதைத் தொகுதிகளை அள்ளிக்கொண்டுபோய் மாடிக் கட்டடத்தின் மஞ்சள் குப்பைவாளிக்குள் கொட்டிவிட்டார்.

பிள்ளை அழவில்லை. கத்தவும் இல்லை. அப்பாவோடு தமிழ் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ‘ஓம்’ என்பது ‘உய்’ ஆயிற்று, ‘இல்லை’ என்பது ‘நோ’ ஆயிற்று, மிச்சம் எல்லாவற்றுக்கும் ‘ஷே பா’, தெரியாது. தாயோடு மட்டும் வழக்கம்போலத் தமிழில் கலகலவென்று கதைத்தாள். அதுதான் தவரத்தினத்தின் வயிற்றைப் பற்றி எரியவைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் ஊட்டுகிறவரின் காதில் சொந்தப் பிள்ளையின் தமிழ் விழவில்லை. ஒரேயொரு தடவை அவள் ‘அப்பா’ என்று தொடங்கி ஒரு முழு வசனம் தமிழில் பேசிவிட்டால் போதும் என்று தவித்தார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதைவிட யப்பானைத் தமிழாக்கிவிடுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது. அந்தக் கதையே தமிழ்க் கதை என்று நிறுவிவிட்டால், தான் எறிந்தது பிழை என்றும் ஆகாது, அதை அவள் விரும்புவது பிழை என்றும் ஆகாது. எல்லோருக்கும் வெற்றி.

ஆராய்ச்சி மறுநாளே தொடங்கியது. புத்தகக் கடையில் அந்தக் கதையின் கடைசித் தொகுதியை வாங்கி, அச்சகத்தின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பதுபோல இடப்பக்கமாகத் திறந்தார். முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஏதோ எச்சரிக்கை இருந்தது. பதிப்புரிமையாக்கும் என்று தள்ளிவிட்டார். பதிப்புரிமையை மதித்து நடந்த அச்சகக்காரர் லாச்சப்பலில் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த பக்கத்தில் கதாநாயகன் கனதா பனிக்குள் செத்துக் கிடந்தான். தவரத்தினம் பக்கங்களைப் புரட்டினார். செத்தவன் எழும்பினான். காயங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒடிந்த ஈட்டி ஒட்டிக்கொண்டது. கடைசியில் வந்து நின்றபோது ஆள் இளைத்து, இளமை திரும்பி, சிரித்த முகமாக நின்றான். வசனங்கள்தான் கொஞ்சம் இடித்தன. பதில் முதலில் வந்தது, கேள்வி பிறகு வந்தது. ஞானிகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அதையும் மெச்சிக்கொண்டார். புத்தகத்தை மூடியபோது அவருக்கு உடம்பு புல்லரித்தது.

“மறுபிறவி, மாஸ்ரர்! அப்பழுக்கில்லாத மறுபிறவி!” என்று அன்று பின்னேரமே ராதாகிருஷ்ணன் மாஸ்ரரைக் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

மாஸ்ரர் தமிழ்ப் பாடசாலைச் சங்கத்தின் தலைவர். பாரிஸ் என்ற பெயர் ‘பரிசம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று விழா மலரொன்றில் ஏற்கெனவே நிறுவியவர். எதிர்த்து ஒருவரும் எழுதவில்லை. ஒருவரும் வாசிக்கவில்லை என்பது வேறு விசயம்.

“பொடியன்ரை பேர் என்னெண்டு சொன்னனீர்?” என்று கேட்டார் மாஸ்ரர்.

“கனதா.”

“கந்தா!” மாஸ்ரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “கையிலை என்ன?”

“ஈட்டி.”

“வேல். வாகனம்?”

“ஒரு பெரிய நீலக் கொக்கிலை ஏறிப் பறக்கிறான்.”

மாஸ்ரர் கண்ணை மூடி யோசித்தார். “யப்பானிலை குளிர் கூட. மயிலுக்குத் தோகை கொட்டியிருக்கும்.”

“ஒரு சிக்கல் மாஸ்ரர். ஆறு முகம் இருக்கிறது அவனுக்கில்லை, வில்லனுக்கு.”

“உது கப்பல்லை போகேக்கை மாறியிருக்கும்,” என்றார் மாஸ்ரர். “எவ்வளவு தூரம், எவ்வளவு அலை. சாமான் இடம் மாறாமலோ போகும்?”

ஆண்டு விழாவில் தவரத்தினம் உரையாற்றுவது என்று அங்கேயே முடிவாயிற்று. தலைப்பு: ‘யப்பானியச் சித்திரக்கதையில் எம் தமிழ்’. பதாகையை அவரே அடித்தார். அச்சகம் கையில் இருக்கிற மனிதருக்கு அடக்கம் வருவது கடினம். இடது பக்கம் தவரத்தினம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பெரிதாக நின்றார். வலது பக்கம் கனதா சிறிதாக நின்றான், நெற்றியில் மூன்று குறி விபூதியும் சந்தனப் பொட்டுமாக.

பள்ளி விட்டு அச்சகத்துக்கு வந்த சாம்பவி அந்தப் பதாகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிடிச்சிருக்கோ பிள்ளை?”

“ஷே பா.”

“மேடையிலை அவன் ‘சொன்னா’ எண்டு கத்துற படத்துண்டை நீதான் போட்டுக் காட்டோணும். வருவியோ?”

அவள் தகப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். “உய்,” என்றாள்.

அன்று தவரத்தினம் தரையில் நடக்கவில்லை. கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்குள் ஆள் ஏறி மிதித்தபோதும் சிரித்தார். வீட்டுக்குப் போய்க் கோசலையிடம், “பாத்தீரோ, பிள்ளை இறங்கி வாறாள்,” என்று பெருமைப்பட்டார்.

கோசலை கீரை ஆய்ந்துகொண்டே, “இறங்கி வரவேண்டியது ஆரெண்டு எனக்கு விளங்கேல்லை,” என்றாள். அவருக்கு விளங்குகிற நிலைமை இல்லை.

விழாவன்று மண்டபம் நிறைந்துதான் இருந்தது. பிள்ளைகளின் நடனத்துக்காக வந்த பெற்றோர் எழும்பிப் போகாதபடி, மாஸ்ரர் உரையைத் தந்திரமாக நடனங்களுக்கு நடுவில் செருகியிருந்தார். தவரத்தினம் ஈட்டிதான் வேல் என்றார், கொக்குதான் மயில் என்றார், மறுபிறவியைச் சொல்லும்போது இரண்டு மூதாட்டிகள் கைகூப்பினார்கள். பிறகு சாம்பவி மடிக்கணினியைத் தட்டினாள். திரையில் கனதா மலையுச்சியில் நின்று, ‘சொன்னா!’ என்று கத்தினான். மண்டபமே கைதட்டியது.

மாஸ்ரருக்கு உற்சாகம் கரைபுரண்டது. ஒலிவாங்கியைப் பிடுங்கிச் சாம்பவியின் கையில் கொடுத்தார். “பிள்ளையே சொல்லட்டும்! இந்தச் சொல்லுக்கு என்ன கருத்தம்மா?”

பிரெஞ்சில் பேசிவிடுவாளோ என்ற பயம் ஒன்றுதான் தவரத்தினத்துக்கு.

“வணக்கம்,” என்றாள் சாம்பவி. நல்ல தெளிவான தமிழ். “‘சொன்னா’ தமிழ் இல்லை. யப்பான் பாசையிலை ‘அப்பிடி இருக்கவே இருக்காது’ எண்டு அதிர்ச்சியிலை கத்துறது. அவன்ரை கொக்கு செத்துப்போச்சு, அதுதான் கத்துறான். கனதா எண்டால் கந்தன் இல்லை. கன தூரம், அங்காலை எண்டு அர்த்தம்.”

“கன தூரம்!” என்று மாஸ்ரர் கதிரையிலிருந்து எகிறினார். “கேட்டியளோ சனங்களே? கன தூரம், கனதா! பிள்ளையே நிறுவிப்போட்டுது!”

மறுபடியும் கைதட்டல். அது ஓயும்வரை சாம்பவி பொறுமையாக நின்றாள்.

“அந்தப் புத்தகத்தை அப்பா பின்னாலையிருந்து வாசிச்சவர். அது வலப்பக்கத்திலையிருந்து வாசிக்கிற புத்தகம். மறுபிறவி ஒண்டும் இல்லை. கனதா செத்துத்தான் போறான்.” பிறகு சபையை விட்டுவிட்டு அவள் தகப்பனின் பக்கம் திரும்பினாள். “அப்பா, எனக்கு இந்தக் கதை பிடிக்கும். இது தமிழ் இல்லை. தமிழ் இல்லாட்டி உங்களுக்கு அது குப்பையோ? நானும் பிரெஞ்சிலைதான் யோசிக்கிறனான், பிரெஞ்சிலைதான் கனவு காணுறனான். அப்ப என்னை எந்த வாளிக்குள்ளை போடுவீங்கள்?”



“என்ன வடிவான தமிழப்பா!” என்றது முன்வரிசையில் ஒரு ரீச்சரின் குரல். “ஒரு பிரெஞ்சுச் சொல்லுக் கலக்கேல்லை! ழகரம், ளகரம் எல்லாம் தனித்தனியா விழுது!”

அவ்வளவுதான், அணை உடைந்தது. சனம் எழுந்து நின்று தட்டியது. இங்கே பிறந்த பிள்ளைக்கு இந்த உச்சரிப்பா என்று தாய்மார் தங்கள் பிள்ளைகளின் தலையில் குட்டினார்கள். பிறமொழி கலவாத பேச்சுக்கு என்று வைத்திருந்த வெற்றிக் கிண்ணத்தை, வேறு பிள்ளைக்குத் தீர்மானித்திருந்ததைக்கூட மறந்து, மாஸ்ரர் அந்த இடத்திலேயே சாம்பவிக்கு அறிவித்தார். வழங்குபவர்: பிள்ளையின் தந்தை, பிரபல ஆய்வாளர் தவரத்தினம்.

அவள் சொன்னதைக் கேட்டவர் அந்த மண்டபத்தில் இரண்டு பேர்தான். ஒருத்தி கோசலை, கடைசி வரிசையில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மற்றவர் மேடையில் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றார். எத்தனை மாதமாக ஏங்கிய வசனம். ‘அப்பா’ என்று தொடங்கி, முழுத் தமிழில், அத்தனை பேர் முன்னால் கிடைத்துவிட்டது. அதைக் காதால் வாங்கவே அவருக்கு வலித்தது. கிண்ணத்தை நீட்டினார்.

“மெர்சி,” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள் சாம்பவி.

திரும்பும்போது கோசலை மண்டபத்தைக் கூட்டித் துப்பரவாக்கும் பெண்களோடு நின்றுவிட்டாள். வேண்டுமென்றுதான் நின்றாள். தகப்பனும் மகளும் மட்டும் ரயிலில் எதிரெதிரே இருந்தார்கள். சாம்பவி யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“நான் செய்தது பிழை, பிள்ளை,” என்றார் தவரத்தினம் கடைசியில். “உன்ரை புத்தகங்களை நான் எறிஞ்சிருக்கக்கூடாது.”

அவள் யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“அந்தக் கதையிலை என்னதான் நடக்குது?” என்று கேட்டார் அவர்.

கேட்பது ஆய்வாளரா அப்பாவா என்று அளப்பதுபோல அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள், பிரெஞ்சில். தொடங்கியதும் வேகம் பிடித்துவிட்டது. கண் விரிந்தது, கை காற்றில் மலை கீறியது, கொக்கு பறந்தது, சண்டை நடந்தது. வேலைத்தலத்தில் பிழைக்கப் போதுமான பிரெஞ்சு வைத்திருந்த தவரத்தினத்துக்குப் பாதிதான் விளங்கியது. ‘தமிழிலை சொல்லு’ என்ற வார்த்தை பழக்கதோசத்தில் தொண்டைவரை வந்தது.

அதை விழுங்கிக்கொண்டு, “எ அப்ரே?” என்று கேட்டார். பிறகு என்ன என்பதற்கு அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அதுதான். உச்சரிப்புப் பிழை. சாம்பவி திருத்தவில்லை, கதையைத் தொடர்ந்தாள்.