பம்பு மூடி வெளியே போகும் மணி

மெத்தையைத் தூக்கிப் பார்த்தாகிவிட்டது. நாற்காலிக்கு அடியில் கைவிட்டுத் துழாவியதில் ஒரு பேனா மூடியும் மகளின் பழைய கொண்டை ஊசியும்தான் கிடைத்தன. கண்ணாடியைக் காணோம். கூடத்தில் அவர் படுத்திருந்தார், தேடுகிற வேலையை முழுக்க மனைவியிடம் விட்டுவிட்டு.

"விடும்மா. கண்ணை மூடிட்டவருக்குக் கண்ணாடி எதுக்கு?" என்றாள் மகள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அது இல்லாம கிட்ட இருக்கிற எதுவும் அவருக்குத் தெரியாதுடி. என் மூஞ்சியே தெரியாது. போட்டுக்கிட்டுத்தான் போகணும்."

மயான வண்டி மதியத்துக்குள் வந்துவிடும். அவளோ ஒன்று நினைத்துவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பவள். அது தெரிந்த மகள் அலமாரியைத் திறந்தாள்.

தெருமுனைப் பட்டறையில் அவர் பம்பு பூட்டும் ஃபிட்டர். "எங்கேய்யா என் ஸ்பேனர், எங்கேய்யா என் கண்ணாடி" என்று நாள் முழுக்கக் கேட்பதால் அங்கே அவருக்கு 'எங்கே' என்றே பேர். சாமான்கள் தொலையாமல் இருக்க அந்தப் பட்டறையில் ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு டேக்கை ஒட்டினார்கள். அது சத்தமில்லாமல் சிக்னல் அனுப்பும். எந்தச் சாமான் எந்த மூலையில் கிடக்கிறது என்று திரையில் தெரியும். மனிதர் பார்த்தார். ஒரு பம்பு மூடியின் டேக்கைப் பெயர்த்துத் தன் கண்ணாடிக் கூட்டில் ஒட்டிக்கொண்டார். அப்புறம் திரையைக் கவனிக்கும் எஞ்சினியரம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. திரையில் பம்பு மூடி கேன்டீனுக்குப் போகிறது, வெல்டரோடு சாப்பிடுகிறது, கக்கூஸில் போய் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறது. குட்டு வெளிப்பட்டபோது அந்தம்மா திட்டவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்து, டேக்கை அவருக்கே விட்டுவிட்டார்.

ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியது. சொல்லாமல் கொள்ளாமல் எந்தச் சாமான் பட்டறை வாசலைத் தாண்டினாலும் மணி அடிக்கும். ஆகவே அவர் வீட்டுக்குக் கிளம்புகிறபோதெல்லாம் அடித்தது, தெரு முழுக்கக் கேட்கும்படி. அதைக் கேட்டுத்தான் அவள் அவருக்கும் தனக்குமாக டீக்குத் தண்ணீர் வைப்பாள். அவர் செருப்பைக் கழற்றும்போது டம்ளர் தயாராக இருக்கும்.

நேற்று அவர் வந்து நின்றபோது அடுப்பே பற்றவைக்கவில்லை. "மெதுவா போடு, என்ன அவசரம்?" என்று நாற்காலியில் சாய்ந்தார். அவள் டம்ளரோடு வந்தபோது போய்விட்டிருந்தார். படுக்கையில் விழவில்லை, யாருக்கும் பாரமாக இல்லை. நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கும் அதில் மறுப்பில்லை. சிரிக்கச் சிரிக்க வாழ்ந்த மனிதர், அவளையும் அப்படியே வைத்திருந்தார். அந்த ஒரு டம்ளர் டீ மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

டீ ஏன் தாமதமானது என்று யோசித்தவள் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே வெல்டர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நேத்து மணி அடிக்கல."

வெல்டர் நிமிர்ந்தார். "அப்ப கண்ணாடி வீட்டுக்கே வரலியா தங்கச்சி?"

"ரோட்டுல கேபிளை வெட்டிட்டாங்க, பட்டறையில நெட் இல்லன்னு சொன்னீங்களே மாமா, அதனால அடிக்கலியோ?" என்றாள் மகள்.

"அதுக்கு நெட் எதுக்கும்மா? எந்த டேக் எங்கன்னு கணக்குப் போடுற கம்ப்யூட்டர் பட்டறைச் சுவத்துலயேதான் தொங்குது. வெளிய யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காது. உங்கப்பா மாதிரி, சொந்த மூளை."

வெல்டர் எஞ்சினியரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

"பம்பு மூடியா? இருங்க... லாரிக்குப் பக்கத்துல காட்டுது. ஆணி அடிச்ச மரப்பெட்டிக்குள்ள." குரல் தயங்கியது. "நேத்து கடைசியா அவர் பூட்டின பம்பு அது. கண்ணாடியையும் உள்ளே வெச்சு மூடிட்டாரா மனுஷன்? இதோ, ஏத்தப் போறாங்க."

அவள் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அம்மா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. அவர் இன்னிக்கே கிளம்பறாரு."

அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு பலகையிலிருந்து ஆணி பிடுங்கும் கிறீச்சொலி. வெல்டர் அதற்குள் தெருவில் இறங்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

"போறப்பவும் எல்லாரையும் தேட விட்டுட்டாரு," என்றார் அடுத்த வீட்டுக்காரர். துக்க வீடு என்பதை மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்ணாடிக்கு இடம் விடுவதுபோல் அவர் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டாள். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி பதிந்த தழும்பு அப்படியே இருந்தது.

அப்போது தெருமுனையில் மணி அடித்தது.

வழக்கமாகப் பட்டறைக் காவல்காரர் மணியை உடனே நிறுத்திவிடுவார். இன்று அவர் அதைத் தொடவில்லை போலிருக்கிறது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள்.

"என்னம்மா வேணும்? நான் எடுத்துத் தரேன்," என்று மகள் பின்னாலேயே வந்தாள்.

வீடு கொள்ளாத கூட்டம் இருந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்து, எப்போதும்போல் இரண்டு டம்ளர் தண்ணீரை அளந்து ஊற்றினாள்.