பேனரில் மகள் பெயர்

ராஜாமணி செத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. என் பொண்டாட்டி. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டேரிப்பட்டில் கட்ட வேண்டிய அஞ்சலி பேனரை மகன் ராஜ்குமார் திண்டிவனத்தில் ஒரு கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவன் பேச்சை நான் நம்புவதில்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

நான் மூன்றாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். கம்ப்யூட்டரில் ராஜாமணி படம், அதற்குக் கீழே ராஜ்குமார் பெயர் பட்டத்தோடு ஒரு முழு வரி. அவன் மாமனார், மச்சான், நேற்றுப் பிறந்த குழந்தை வரைக்கும் இருந்தார்கள். என் மகள் புனிதா மட்டும் இல்லை.

பதினோரு வருஷம் முன்னால் வேறு சாதிப் பையன் புகழேந்தியைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் போனவள். அன்றைக்குக் கதவைச் சாத்தினவன் நான்தான், மறைக்கவில்லை. ராஜாமணி ஆறு மாசம் படுக்கையில் கிடந்தபோது வந்து பீ மூத்திரம் அள்ளினவளும் அவள்தான். ராஜ்குமார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"பொண்ணு பேரு எங்கய்யா?"

கடைக்காரர் கோதண்டபாணி திரும்பாமலே சொன்னார். "எடம் இல்லீங்க பெரியவரே. உங்க பையன் குடுத்த லிஸ்ட்டே இடிச்சிக்கினு நிக்குது."

பொய். அவர் போட்டிருந்தது கல்யாணப் பத்திரிகை எழுத்து. வாலும் வளைவுமாய்க் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. வெளியே ஒரு கட்சிக்காரன் பேனர் தொங்கியது. அதில் கோடு தடி, உடம்பு ஒடுக்கம். ஷேர் ஆட்டோவில் ஆள் ஏறினதுபோல் எழுத்துகள் ஒட்டி ஒட்டி நின்றன. பட்டம், பெயர், ஊர் எல்லாம் ஒரே வரி. ஓடுகிற பஸ்ஸிலிருந்தே நான் படித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"அத்த மாதிரி போடு."

"அது கட்சிக்குப் போடறதுங்க. சாவுக்குப் போட்டா முரட்டுத்தனமா இருக்கும்."

"நானும் முரடன்தான். போடு."

புனிதா பெயரை மட்டும் அந்த எழுத்தில் இடுக்கில் செருகினார். வேலிக்குள் புகுந்த ஆடுபோல் தனியாய்த் தெரிந்தது.

"எல்லாத்தையும் மாத்து. பையன் பேரையும்."

"ஆர்டர் குடுத்தவர் அவருங்க. அவர ஒரு வார்த்த கேட்டுக்கினு..."

"செத்தது அவன் பொண்டாட்டியா, என் பொண்டாட்டியா?"

மாற்றினார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே வரிக்கு வந்தார்கள். "இவ்ளோ நெருக்குனா சுழி அடைஞ்சிடுங்க" என்றார். நான் நம்பவில்லை. தெரு ஓரம் வரை பின்னால் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். எழுத்தின் ஓட்டையெல்லாம் மூடிக் கரிக்கட்டையாய்க் கிடந்தது.

"பையன் பட்டத்த எடு. எழுத்து மூச்சு வுடட்டும்."

எடுத்தார். இப்போது புனிதா தெரிந்தாள்.

அதற்குள் கடைக்காரர் போன் போட்டிருக்கிறார். ராஜ்குமார் பைக்கில் வந்து நின்றான். திரையைப் பார்த்து முகம் சுண்டியது.

"இன்னாப்பா இது? என் மாமனார் வூட்டு ஆளுங்க பாத்தா அவ பேர கிழிச்சிப் போட்டுடுவாங்க."

கோதண்டபாணியைப் பார்த்தேன். "இந்தத் தடி எழுத்து படத்து மேல போட்டா தெரியுமா?"

"எது மேல போட்டாலும் தெரியுங்க."

"ரெண்டு புள்ளைங்க பேரையும் தூக்கி ராஜாமணி நெஞ்சு மேல போடு."

போட்டார்.

"இப்ப வந்து கிழிக்கச் சொல்லுடா" என்றேன் மகனிடம். "உன் ஆத்தாளோட சேத்துக் கிழிக்கட்டும்."

மிஷின் ஓடத் தொடங்கியது. கடைசி முழம் வெளியே வரும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.