பாதியில் நிற்கும் தூக்க துஆ

1

இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. தூங்கும் முன் ஓதும் துஆ, அந்தப் பிரார்த்தனை, ஒரே ஒரு வரிதான். என் மனைவி போனபின் அந்த ஒரு வரியை என் மகள் என்னை முழுசாக ஓதவிட்டதே இல்லை. எழுதியாவது தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். 'நான்' என்று எழுதினால் பேனா நகர மறுக்கிறது. ஆகவே 'அவன்' என்று வைத்துக்கொள்கிறேன். அவன் லிப்ட் மெக்கானிக். நானும்தான்.

2

முதல் தொடக்கம்: "குழந்தைகள் மலர்களைப் போன்றவர்கள். அன்றாட துஆக்களை அவர்களுக்கு அன்போடு—"

அடித்துவிட்டேன். காலையில் ஒற்றைச் செருப்பைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கும் மலரை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: "அவன் மனைவி ஒரு—"

இதற்கு மேல் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

3

மூன்றாவது தேறும்போல இருக்கிறது.

மகளுக்கு துஆ சொல்லிக்கொடுப்பது அவன் மனைவியின் பொறுப்பு. சாப்பிட ஒன்று, வெளியே கிளம்ப ஒன்று, கழிவறைக்குள் கால் வைக்குமுன் ஒன்று. எல்லாவற்றையும் அர்த்தத்தோடுதான் சொல்லிக்கொடுப்பாள். அர்த்தம் தெரியாமல் ஓதினால் கிளிப்பிள்ளை என்பாள். மேடேறும்போது அல்லாஹு அக்பர், இறங்கும்போது சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிக்கொடுத்ததும், மகள் அதை அடுக்குமாடி லிப்டில் பரீட்சித்துப் பார்த்தாள்.

"நடுவுல நின்னுட்டா எதைச் சொல்லணும் உம்மா?"

"வாப்பாவுக்கு போன் பண்ணணும்."

(இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்தியில் முடியாது.)

ஒரு நாள் தாயும் மகளும் சேர்ந்து தூக்க துஆவை ஓதிவிட்டுப் படுத்தார்கள். மகள் எழுந்தாள். தாய் எழவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

அந்த துஆவின் அர்த்தம்: இறைவா, உன் பெயராலேயே மரணிக்கிறேன், உயிர் பெறுகிறேன்.

4

பிறகு அந்தப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. பாயை விரித்து, மகளைப் பக்கத்தில் படுக்கவைத்து ஆரம்பிப்பான்.

"அல்லாஹும்ம பிஸ்மிக—"

"வாப்பா, தண்ணி."

"அல்லாஹும்ம—"

"வாப்பா, நாளைக்கு கலர் பென்சில் கொண்டுபோகணும்."

"அல்லா—"

"வாப்பா, லிப்டுக்கு எத்தனை கயிறு?"

கயிறு பற்றிக் கேட்டால் அவன் வாய் சும்மா இருக்காது. அவளுக்கு அது தெரியும். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, துஆ ஓதாமலே கண்ணயர்வான். தோளில் ஒரு உலுக்கல்.

"வாப்பா, முழிச்சிருக்கீங்களா?"

"இப்ப முழிச்சாச்சு. சொல்லு."

"ஒண்ணுமில்ல."

வகுப்பில் மேசைமேல் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். அவனும் வேலையில் ஒரு பட்டனுக்குப் பதில் வேறொன்றை அழுத்தி, தன் உதவியாளை இரண்டு மாடி மேலே அனுப்பிவைத்தான்.

5

இங்கே அவன் அக்கா வருகிறாள். மகளுக்கு மாமி.

"புள்ளைக்கு அர்த்தத்தைச் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு. செத்துருவோம்னு பயப்படுது. நாமெல்லாம் அர்த்தம் தெரிஞ்சா தூங்குனோம்?"

(எழுதியதை அக்காவிடம் காட்டினேன். "என்னை ஏண்டா இப்படிக் கரிச்சட்டி மாதிரி எழுதியிருக்கே? நாலு நாள் சோறு ஆக்கிப்போட்டேனே, அது எங்க?" என்றாள். ஆக்கிப்போட்டாள். இதோ எழுதிவிட்டேன்.)

அக்கா சொன்னதைத்தான் அவனும் நம்பினான். குழந்தை தனக்காகப் பயப்படுகிறது. தைரியம் சொன்னால் சரியாகிவிடும்.

6

ஒரு சனிக்கிழமை மதியம். வேலை முடித்து வந்தவன் கொஞ்சம் படுக்கலாம் என்று பாயை விரித்தான். அவள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அல்லாஹும்ம பிஸ்மிக—"

"வாப்பா, காத்தாடி சத்தம் போடுது."

"போடட்டும். இந்த ஒரு வரியை முடிக்க விடுவியா, மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"உம்மா முழுசா சொன்னாங்க."

அவள் பயந்தது தனக்காக இல்லை.

7

இனி முடிவு. அக்காவின் யோசனை: "ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்கன்னு முடிச்சிரு. படிக்கிறவங்களுக்கு நிறைவா இருக்கும்." எங்கள் வீட்டில் யாரும் அப்படி அழுவதில்லை. ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொள்வோம்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்ன முடிவு: தூக்கம் ஒரு சின்ன மரணம். விழித்ததும் ஓத இன்னொரு துஆ இருக்கிறது, மரணிக்கச் செய்தபின் உயிர் கொடுத்தவனுக்கே புகழெல்லாம் என்று. இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், பயம் போய்விடும். அவன் அப்படியே சொல்லிக்கொடுத்தான். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அந்த துஆவை உம்மா ஏன் சொல்லல?"

இதற்கு ஒரு பதில் எழுதப் பார்த்தேன். "ஏனென்றால் அல்லாஹ்—" என்று ஆரம்பித்த தாள்கள் எல்லாம் குப்பைக்கூடையில் கிடக்கின்றன.

அவன் பாயில் மல்லாந்து படுத்தான்.

"இங்க உக்காரு. நான் முழுசா சொல்றேன். நீ பாத்துக்கிட்டே இரு."

"தூங்கிடுவீங்களா?"

"தூங்கத்தானே சொல்றது."

"எழுப்பினா எழுந்துக்குவீங்களா?"

இன்ஷா அல்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தான். இறைவன் நாடினால் என்று அவளுக்கு அதற்கும் அர்த்தம் தெரியும். சொன்னான்.

அவள் அவன் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "சரி, சொல்லுங்க" என்றாள்.

அல்லாஹும்ம பிஸ்மிக அமூத்து வ அஹ்யா.

கண்ணை மூடினான். மூடினேன். அவள் பொத்தானைப் பிடித்தபடியே இருந்தாளா, விட்டாளா, என் முகத்தைப் பார்த்தாளா, தன் பங்குக்கு உதடாவது அசைத்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவது? நீங்கள்தான் விழித்திருக்கிறீர்கள். கொஞ்சம் அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.