அரை விரல் உள்ளே

கோட்டையின் நூற்றெண்பது படிகளையும் கொத்தனாரின் மனைவி வாயே திறக்காமல் ஏறினாள். கோபத்தை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே! மூன்று வருடம் இந்தக் கோட்டையைப் பழுதுபார்ப்பதே கதி என்று கிடந்தான் அவள் கணவன். இப்போது வேறொரு கோட்டையில் இரண்டு வருட வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "அப்படி என்னத்தக் கிழிச்சீங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அவனோடு கிளம்பி வந்திருந்தாள். போகவேண்டாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்தாயிற்று.

அந்த மூன்று வருடத்தின் நடுவில்தான் அவளுக்கு ஆறாம் மாதக் கரு கலைந்தது. அவன் மூன்றாம் நாள் வந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒழுகிய குழாயைச் சரிசெய்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்பிப் போனான். இந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று அன்றே முடிவு கட்டினாள். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்கவில்லை.

இரும்பு முள் பதித்த பெரிய கதவு, கூரை போன தானியக் கிடங்கு, காவல் கோபுரம் என்று வரிசையாகக் காட்டினான். கோபுரச் சுவரெங்கும் காதலர்கள் ஜோடி ஜோடியாகக் கீறிவைத்த பெயர்கள். கோட்டையை நாசமாக்க எதிரிப் படை எதற்கு, ஒரு வீட்டுச் சாவி போதும்.

சபை மண்டபத்து வளைவின் கீழே வழிகாட்டி முழங்கிக்கொண்டிருந்தார். "எண்ணூறு வருஷம்! ஒரு கல்லுகூட மாறல!"

"பாதி நீங்க வச்சதுதானே? சொல்ல வேண்டியதுதானே?" என்று அவள் கணவனிடம் பல்லைக் கடித்தாள்.

கூட்டம் நகர்ந்ததும் அவள் கையைப் பிடித்துத் தூணில் வைத்தான். "தடவிப் பாரு. புதுக் கல்லை அரை விரல் உள்ள தள்ளித்தான் வைக்கணும். எது அவங்களது, எது நம்மளதுன்னு தெரியணும். ஏமாத்தக் கூடாது."

விரலை ஓட்டிக்கொண்டே போனாள். உள்ளே வாங்கியிருந்த கற்களிலெல்லாம் அவன் உளித்தடம். பன்னிரண்டு வருடமாக அவன் கொத்திய அம்மியில் அரைக்கிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒரு கல்லில் மட்டும் விரல் நின்றது. அதே உளித்தடம்தான், ஆனால் பழைய கற்களோடு சமமாக நின்றது.

"இது ஏன் உள்ள போகல?"

"அது தப்பாப் போச்சு."

"நூல் பிடிச்சு வைக்கிற ஆளாச்சே நீங்க!"

அவன் தரையைப் பார்த்தான். "அன்னைக்குத்தான் உன் தம்பி போன் பண்ணான். மழையில பாதை அடிச்சுட்டுப் போயிருந்துச்சு, கிளம்ப முடியல. என்ன செய்யறதுன்னு தெரியாம வேலையைப் பார்த்தேன். கண்ணு மறைச்சுது. கல்லு எங்க உட்காருதுன்னே தெரியல."

"எடுத்துட்டு மறுபடி வைக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்க. என்னால முடியாது, வேற ஆளை விட்டு எடுங்கன்னேன். இன்ஜினியர் என் முகத்தைப் பார்த்தாரு. அப்படியே விட்டுட்டாரு."

இத்தனை வருடம் தனியாகத்தான் துக்கப்பட்டோம் என்று நினைத்திருந்தாளே! அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "பாவி மனுஷா! எங்கிட்ட அழ வேண்டியதுதானே?"

"நீயே உடைஞ்சு கிடந்த. நானும் அழுதா உன்னை யாரு தூக்கறது?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அந்த வேலைக்கு வர்றேன்னு சொல்லிடுங்க."

"நீ?"

"நானும் வர்றேன். இனிமே நீங்க அழறதா இருந்தா, நான் பக்கத்துல இருக்கணும்."