மல்லாட்டை மூட்டைக்குள் நூலகத்து டப்பா

திண்டிவனம் நூலகத்தில் புத்தகத்தோடு வைஃபை டப்பாவும் இரவல் தருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சுப்பராயலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒலக்கூருக்கு அப்பால் இருக்கும் அவர் ஊரில் எவர் போனிலும் சிக்காத சிக்னல் அவர் வாங்கி வந்த அந்த உள்ளங்கை அகல டப்பாவில் சிக்கியது. ஊரே அவர் வாசலில் குடியேறியது. மாடுகள்கூட அவர் வீட்டைப் பார்த்தபடிதான் அசைபோட்டன. கேட்டவருக்கெல்லாம் பாஸ்வேர்டு சொல்லி வாய் வலித்ததால், மருமகனைக் கொண்டு அதையே எடுத்துவிட்டார்.

இரவல் முடியும் கடைசி நாள் காலையில் நூலகர் ஃபர்ஹீன் வாட்ஸப்பில் கூப்பிட்டாள்.

"ஐயா, சாயந்திரம் நாங்க சாத்துறதுக்குள்ள டப்பா வந்துடணுங்க. கலைப்பிரியானு ஒரு பொண்ணு அதுக்காகக் காத்துக்கினு இருக்கு. நாளைக்குக் காலையில நர்ஸ் வேலைக்கு வீடியோவுல இன்டர்வியூ. அவங்க ஊர்லயும் டவர் கெடையாது. எங்ககிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான்."

"நான் இருக்கிறேம்மா, நீ கவலைப்படாத" என்றார் சுப்பராயலு.

குளித்துவிட்டு வருவதற்குள் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? டப்பாவை ஒரு மல்லாட்டை மூட்டையின், அதாவது வேர்க்கடலை மூட்டையின், நடுவில் சொருகி வாயைக் கட்டினார். அணைக்க மறந்தார்.

தலை துவட்டிக்கொண்டு வந்தால் மூட்டைகளைக் காணோம்.

"விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில வெல ஏறிடுச்சினு ராஜாமணி மினி லாரி எடுத்தாந்தான். ஏத்தி அனுப்பிட்டேன்" என்றாள் மனைவி லட்சுமியம்மாள்.

"அதுக்குள்ளதான் டப்பா இருக்குது."

"மல்லாட்டைக்கு எதுக்குங்க நெட்டு?"

இருவரும் விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறினார்கள். வழி நெடுக முகம் தெரியாத அந்தப் பெண் அவர் கண்முன் வந்து வந்து உட்கார்ந்தாள்.

கமிட்டிக் கொட்டகையில் மூட்டைகள் இமயமலைக்கு அண்ணன் மாதிரி அடுக்கிக் கிடந்தன. ராஜாமணி ஐந்தாறு பேர் சரக்கை ஒன்றாக ஏற்றியிருந்தான். இன்னும் சீட்டு ஒட்டவில்லை. எது யாருடையது என்று சாக்குக்கே தெரியாது. இதில், வியாபாரி ஒருவர் குத்தூசியை மூட்டைக்கு மூட்டை பாய்ச்சி மல்லாட்டையை உருவிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குத்தும் சுப்பராயலுவின் விலாவில் இறங்கியது.

"அண்ணே, பாத்துக் குத்துங்க. உள்ள கவர்மென்ட் சாமான் இருக்குது."

"பெருசு, வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?"

லட்சுமியம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க பாருங்க."

கொட்டகை முழுக்க நிழல் இருக்க, மூட்டை தூக்கும் ஆட்கள் அத்தனை பேரும் மூலையில், வெயில் விழும் ஓர் அடுக்கின்மேல் ஈ மொய்ப்பதுபோல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி இருதயராஜ் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இங்க ஒக்காந்தா ஓசி நெட்டு பறக்குது பெரியவரே. நீயும் வா."

சுப்பராயலு அவர்கள்மேல் விழுந்தார். எல்லோரையும் எழுப்பி, மூன்றாவது சாக்கை அவிழ்த்து, தோள்வரை கையை விட்டார். டப்பா சூடாக, உயிரோடு இருந்தது. குத்தூசி அதற்கு அடுத்த மூட்டைவரை வந்திருந்தது.

திண்டிவனத்தில் இறங்கி அவர் ஓடிய ஓட்டத்தில் வேட்டி மட்டும் கொஞ்சம் பின்னால் வந்தது. நூலகத்தின் ஒரு கதவு சாத்தியாகிவிட்டது. படியில் ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபர்ஹீன் மறு கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நெட்டெல்லாம் மூட்டை தூக்குறவங்க தீத்துட்டாங்கம்மா" என்றார் மூச்சிரைக்க. டப்பாவை நீட்டினார்.

"இன்னிக்கு உள்ளதுதானே. ராத்திரி பன்னெண்டு தாண்டினா புதுசா வந்துடும் ஐயா" என்றாள் ஃபர்ஹீன்.

கலைப்பிரியா டப்பாவை வாங்கி அதன் உறையைத் தட்டினாள். இரண்டு மல்லாட்டை உள்ளங்கையில் விழுந்தன. ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வறுத்துக் குடுத்திருக்கலாம் பெரியப்பா."