மூடி மூடாத நத்தை பன்

1

இந்தக் கதை ஓர் அகராதியில் பிறந்தது. வேறெதையோ தேடப் போய், 'கோக்ளியேட்' என்ற ஆங்கிலப் பெயரடையில் இடறி விழுந்தேன். நத்தை ஓடுபோலச் சுருண்டது என்று பொருள். நத்தை ஓட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. (நம் உட்காதிலுள்ள சுருளுக்கும் அந்த லத்தீன் சொல்தான் பெயர். ஆக, இந்தச் சொல்லைக் காதில் வாங்குவதற்கே உங்களுக்கு ஒரு நத்தை வேண்டியிருக்கிறது.)

2

இது யாருக்குத் தேவைப்படும்? "பேராசிரியர் தன் நுண்ணோக்கியைத் துடைத்துவிட்டு—"

வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். விளக்கம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்காது.

ஆகவே, ஒரு பேக்கரிக்காரர். அவர் மூடிய குழாயை இன்னொருவர் திறக்க முடியாது. தெருவில் அவருக்குப் பெயர் 'இறுக்கி'. மாவைத் தேய்த்து, சர்க்கரை தூவி, பாய்போலச் சுருட்டி வெட்டுகிறார். அடுப்புக்குள் போகும்போது பன் தட்டை. வெளியே வரும்போது நடுவில் கோபுரம். பெட்டியின் மூடி மூடுவதில்லை. நாளை ஓட்டலுக்கு மாதிரிப் பெட்டி போகவேண்டும். பிடித்தால் தினமும் ஆர்டர். பெட்டி மூடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"இன்னும் இறுக்கிச் சுத்தினா அடங்கிடும்" என்று இறுக்கினார். கோபுரத்தில் இன்னொரு நிலை ஏறியது.

3

நான் உள்ளே புகுந்தேன். "உங்க பன் கோக்ளியேட்டா இருக்குங்க."

"ஐயையோ, டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"இல்லீங்க. நத்தை ஓடு மாதிரின்னு அர்த்தம்."

பெட்டி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார். "பேரு வச்சீங்க, சரி. பேரு வச்சவரு சோறு வைக்க வேணாமா?"

"வேணும்னா பெட்டியை உயரமாக்கி எழுதிடட்டுமா?"

"ஓட்டல்காரங்க குடுத்த பெட்டிங்க அது. உங்க பேனாவுக்கெல்லாம் வளையாது."

4

முடிவு அ: அதையே 'நத்தை பன்' என்று விற்று உலகப்புகழ்— (இறுக்கியின் மனைவி முறைத்தார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ஓட்டல் முதலாளி மூடிமேல் ஏறி உட்கார்ந்து—

"கொஞ்சம் சும்மா இருங்க" என்று என்னை அடக்கிவிட்டு, ஜன்னலோரம் கிடந்த கொசுவத்திச் சுருளை அந்த அம்மா எடுத்தார். "ஏங்க, இதுவும் சுருள்தானே? இது ஏன் நத்தையாகல?"

இறுக்கி உற்றுப் பார்த்தார். "சுத்துக்குச் சுத்து சந்து இருக்கு."

"நீங்கதான் காத்துகூட நுழைய விடமாட்டீங்களே! சூட்டுல மாவு உப்பும். பக்கவாட்டுல வழியில்லன்னா? பஸ் நெரிசல்ல மாட்டின ஆளு மாதிரி எக்கிக்கிட்டு மேலதான் போகும்."

தளர்த்திச் சுருட்டியபோது இறுக்கியின் முகம், தன் பல்லைத் தானே பிடுங்குகிறவர் முகம்போல இருந்தது. தட்டு வெளியே வந்தது. ஒரு கோபுரமும் இல்லை.

5

ஓட்டலில் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. பெட்டி இப்போது உங்கள் கையில். மூடியை நீங்களே மூடிப் பாருங்கள். மூடவில்லையென்றால் என்னைத் திட்டாதீர்கள். மாவைத் தளர்வாகச் சுருட்டுங்கள், சுருளின் வால்நுனியை அடியில் மடித்து வையுங்கள், தட்டில் பன்னுக்குப் பன் விரலளவு இடம் விடுங்கள்.