இருபதாவது விரிப்பு

ஏப்ரல் இரண்டு, செவ்வாய்க்கிழமை. ஆட்டிசம் விழிப்புணர்வுக் கூட்டத்திலிருந்து, அங்கே ஆட்டிசம் உடையவளாக இருந்த ஒரே ஒருத்தியை வெளியேற்றினார்கள். குறை இதுதான். வெளியேற்றிய கை அவளைப் பெற்றவளின் கை என்பது இன்னும் ஆறாத புண்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் தாய் கிழிந்த விரிப்புகளைத் தைப்பாள். முப்பது வயது மகள் உலர்ந்தவற்றை மடிப்பாள். மகள் வாய்விட்டு எண்ணுவதில்லை, முனகுவாள். விரிப்புக்கு ஒரு முனகல். இருபதாவதில் குரல் சற்றே உயரும், இருபது விரிப்புகளாய் ஒரு கட்டு விழும். ஒன்பது ஆண்டுகளில் ஒரு கட்டும் பிசகியதில்லை. அந்த உயர்ந்த குரலைக் கேட்டுத்தான் இஸ்திரிக்காரர் தள்ளுவண்டியோடு வருவார்.

"என்ன பாட்டுக்காரம்மா, ரேடியோ சூடாயிடுச்சா?" என்பார். அவள் அவரைப் பாராமலே சிரிப்பாள்.

அன்று மருத்துவமனையில் நடந்த கூட்டத்தில், சலவைக்கூடக் கண்காணிப்பாளர் அம்மையார் அவளை முதல் வரிசையில் உட்காரவைத்து, நீல ரிப்பன் குத்தினார். பேச்சாளர் வாய் கிழியப் பேசி முடித்தார். கைதட்டல் இடிபோல் விழவே, மகள் காதுகளைப் பொத்திக்கொண்டு முனகத் தொடங்கினாள். முனகல் அலறலாயிற்று. தலைகள் திரும்பின.

அம்மையார் தாயிடம் குனிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. போட்டோ எடுக்கிறாங்க. கொஞ்சம் வெளியில கூட்டிட்டுப் போங்களேன்."

தாய்க்கு உடல் கூசியது. "வாயை மூடுடி! மானத்தை வாங்காதே!" என்று மகளின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பள்ளியும் உறவும் ஆயிரம் முறை சொல்லியும் அவள் மூடாத வாய் அது. நான்கு பேர் திரும்பிப் பார்த்ததற்காக அன்று மூடிவிட்டாள்.

மறுநாள் முதல் மகள் முனகவில்லை. கட்டுகள் பதினேழாகவும் இருபத்துமூன்றாகவும் போயின. வார்டுகளிலிருந்து புகார் வந்தது.

"இவ நிலைமை எனக்கு நல்லாத் தெரியும் அக்கா. அதனாலதான் சொல்றேன், இனிமே வீட்டிலயே இருக்கட்டும்," என்றார் அம்மையார்.

இஸ்திரிக்காரர் பெட்டியை நங்கென்று வைத்தார். "தெரியும் தெரியும்னே தெருவில விட்டுட்டீங்களே மேடம்! தெரிஞ்சுக்கிட்டது போதும். கூட வச்சுக்கத் தெரியுமா?"

அம்மையார் வருகைப் பதிவேட்டில் மகளின் பெயரை அடித்தார்.

வீட்டில் மகள் ஒரே துண்டை மடித்தாள், பிரித்தாள், மீண்டும் மடித்தாள். தாய் அருகே அமர்ந்து, தனக்கு வராத அந்த முனகலைத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று மனத்துள் எண்ணி, இருபதாவதில் குரலை உயர்த்தினாள்.

மகள் சட்டென்று ஜன்னலைப் பார்த்தாள். யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று. பிறகு தன் உள்ளங்கையால் தாயின் வாயை மெல்லப் பொத்தினாள்.

வாசகரே, அடுத்த ஏப்ரலில் ரிப்பனுக்குச் சட்டையைக் காட்டாதீர். பேருந்திலோ வரிசையிலோ ஒருவர் முனகினால், முறைத்துப் பார்க்காதீர். இடம் மாறி அமராதீர். அவரைப் பெற்றவளின் கை உயருமுன், "முனகட்டும் அம்மா, எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வாய் திறந்து சொல்லும்.